‘நஹி சலேகா’ என்ற டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில், மும்பை செம்பூரில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால் தாதரில் ரயில் ஏறும்போது, கூட்டம் தள்ளியதில், கம்பியைப் பிடித்திருந்த என் வலது தோள் மூட்டு கழன்றுவிட்டது. சரிசெய்து அனுப்பினார்கள். ஆனால் அதன் பிறகு துணி காயப்போட்டால் கழலும்; தூக்கத்தில் புரண்டால் கழலும். நான் அறையில் தனியாக இருப்பவள். ராத்திரி வலியில் கத்தினாலும் வந்து பார்க்க ஆள் கிடையாது.

தோள் குழியின் விளிம்பில் ரப்பர் வளையம் போல இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு, நூல் கோத்த குட்டி ஆணிகளை எலும்பில் இறக்கி அதைத் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி.

“கூட யாரு வரா?” என்று கேட்டார்.

“அண்ணன் வருவாரு” என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது. யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் அன்று தோளும் கையும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அரைத்தூக்கத்தில் இருந்தேன். முகத்துக்குப் பக்கத்தில் பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. வலி இல்லை. திடீரென்று சத்தம் நின்றது.

“சலேகா, மேடம்” என்றது ஓர் ஆண்குரல். உதவி டாக்டர். ‘போதும், பரவாயில்லை’ என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை.

“நஹி சலேகா” என்றார் டாக்டர். அதாவது, இது போதாது.

ஏதாவது ஆகிவிட்டால் வெளியே போய் யாரிடம் சொல்வார்கள்?

துணிக்கு மேலிருந்து டாக்டரின் குரல் வந்தது. “முழிச்சிண்டுதானே இருக்கேள்? பயப்படாதீங்கோ. மூணாவது ஆணி சரியா உட்காரலை. தலை கொஞ்சம் வெளில நீட்டிண்டிருக்கு. அப்படியே விட்டா கையை அசைக்கறச்சே எல்லாம் உரசி மூட்டைத் தேய்ச்சுடும். எடுத்துட்டு, கோணம் மாத்தி வேற துளை போடறேன். டைம் கொஞ்சம் ஜாஸ்தியாகும்.”

மறுபடி சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு டாக்டர் வந்தார். “வெளில உங்க அண்ணாவை ரெண்டு தடவை கூப்பிட்டேன். யாரும் எழுந்து வரலையே?”

“அண்ணன்னு யாரும் கிடையாது டாக்டர். சும்மா சொன்னேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்போ உங்ககிட்டயே சொல்லிடறேன்” என்று, தன் உள்ளங்கையில் பேனாவால் தோள் குழியை வரைந்தார். எந்தெந்த ஆணி எங்கே, எதை எடுத்தார், ஏன் எடுத்தார் எல்லாம் சொன்னார். “சந்தேகம் ஏதாவது இருந்தா கேளுங்கோ” என்று காத்திருந்தார். எனக்கு, அவர் சீக்கிரம் எழுந்து போகக் கூடாது என்று மட்டும் இருந்தது.

மறுநாள் ஆட்டோ பிடித்துத் தனியாகத்தான் அறைக்குத் திரும்பினேன். இடது கையால் பூட்டைத் திறக்க வெகுநேரம் ஆனது.

தோள் அதன்பிறகு கழலவில்லை. இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால், ஏன் என்று கேட்க ஆளில்லாத ஒருத்திக்காக, வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் ஆணியைப் பிடுங்கித் திரும்ப இறக்கினாரே, ஆளில்லை என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்து எல்லாம் சொன்னாரே, அதை நினைக்கும்போதெல்லாம், நம்மைத் தேடி வர ஆளில்லை என்பதாலேயே நாம் ஒரு பொருட்டில்லை என்று ஆகிவிடாது என்று மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.