சந்தனம் வைத்த டார்ச்சுடன் சீத்தா கேம்பிலிருந்து தாராவி வரை

இது ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை அப்பாவின் டார்ச்சை எடுத்து அழுத்தினேன். எரியவில்லை. பத்து முறை அழுத்தியும் எரியவில்லை. அதற்கு அடுத்த நாள் ராத்திரி அவருக்கு டூட்டி. ஆகவே அன்று பகலிலேயே, செம்பூரில் தோழி வீட்டில் படிக்கப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மும்பையில் சீத்தா கேம்பில் எங்கள் வீடு. பத்தாவது படிக்கிறேன். செம்பூரைத் தாண்டித் தனியாகப் போக எனக்கு அனுமதி கிடையாது. விலை கூடிய டார்ச்சை வைத்துக்கொண்டு, ஸ்விட்ச் போனதும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும்.

அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார். ராத்திரியில் சாலைக்கு அடியிலுள்ள கேபிள் குழிகளில் இறங்கிப் பார்க்கும் வேலை. மாற்றலாகிப் போன இன்ஜினியர் ஒருவர் கொடுத்த டார்ச் அது. ஆன்லைனில் ஏழாயிரத்து இருநூறு ரூபாய் போட்டிருக்கிறது. பூஜைக்கு எங்கள் வீட்டில் கருவிகளை வெறுமனே துடைத்து வைப்பதில்லை. கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி, பாகம் பாகமாகப் பொட்டு வைப்போம். இந்த வருடம் டார்ச் என் பொறுப்பு. டார்ச்சின் பின்பக்கம் ஸ்விட்ச் இருக்கும் வால் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்குக்கும் சந்தனம் வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

காலை 9.40க்கு பஸ், பத்து ரூபாய். மான்குர்த்தில் 10.12 ரயில். மாட்டுங்காவுக்கு டிக்கெட் பத்து ரூபாய். குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். நான் படிக்கட்டு தெரியாமல் இரண்டு முறை ஒரே பிளாட்பாரத்துக்கே வந்து சேர்ந்தேன். அதில் பதினைந்து நிமிடம் போயிற்று. பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் கிளிப் விற்பவரை வேடிக்கை பார்க்கலாம்.

மாட்டுங்காவில் அந்த டார்ச் விற்கும் பெரிய கடை ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடை. கடைக்காரர் இந்தியில் பில் கேட்டார். இல்லை என்றேன். ஸ்விட்ச் தனியாக வராது, கம்பெனிக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்றார். இந்த மாதிரி டார்ச்சுகளில் மற்றதெல்லாம் பத்து வருடம் உழைக்கும், முதலில் திரும்பி வருவது ஸ்விட்ச்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பார் என்றார். வெளியே வந்தால் தெரு முழுக்க காபி வாசனை. குடிக்கவில்லை. ரிப்பேருக்கு எவ்வளவு ஆகுமோ?

தாராவிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அரை மணி நேரம் நடந்தேன். மூன்றாவதாகக் கேட்ட கடையில் ஒரு அக்கா இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், பெயர் மாரி. என் தமிழைக் கேட்டதும் எந்த ஊர் என்றார். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், கேபிள் குழியில் இறங்கும் வேலை, டார்ச் அவருடையது என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதலில் வால் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு சின்ன வயர்த் துண்டை எடுத்து, பேட்டரியின் அடியையும் டார்ச் குழாயின் விளிம்பையும் சேர்த்துத் தொட்டார். பளீரென்று எரிந்தது. அப்படியென்றால் பல்பு சரி, பேட்டரி சரி, கோளாறு வாலில்தான் என்று அர்த்தமாம். மூடிக்குள் இரண்டு துளை போட்ட ஒரு வளையம் இருக்கிறது. நோஸ் பிளேயரை அதில் ஊன்றித் திருகினால் ஸ்விட்ச் கையோடு வந்துவிடும். வந்தது, மஞ்சளாக.

"என்னட்டி இது? சாமிக்குப் பொட்டு வைக்கச் சொன்னா அபிஷேகம்லா பண்ணிருக்க?"

அழுதுவிடுவேன் போலிருந்தது. அக்கா சுரண்டித் துடைத்து, ஸ்விட்ச்சை உடைத்து உள்ளே காட்டினார். தகடு கருகியிருந்தது.

"சந்தனம் முந்தாநாள் வச்சது. இந்தக் கருப்பு ரெண்டு மாசத்துக் கருப்பு. இம்புட்டு வெளிச்சத்துக்கான கரண்டும் இந்தப் பட்டாணிக்குள்ளதான போகுது, அது என்ன செய்யும்? ஒங்கப்பா குழிக்குள்ள நிக்கும்போது அணைஞ்சிருந்தா?"

அதுவரை நான் திட்டு வாங்குவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

புது ஸ்விட்ச்சும் கூலியும் நூற்றைம்பது ரூபாய். வேலை இருபது நிமிடம். அதற்குள் பதினைந்து ரூபாய்க்கு வடாபாவ் தின்றேன், நன்றாக இருந்தது. இதுவும் ஒருநாள் போகும், இறங்குகிறவர் இன்னொரு டார்ச்சும் வைத்திருக்க வேண்டும் என்று அக்கா இரண்டு முறை சொன்னார். சயான் ஸ்டேஷன் வழியாக 2.50க்கு வீடு. பையில் அதுவாக எரிந்துவிடாமல் இருக்க வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திக் கொண்டுவந்தேன். இதுவும் அக்கா சொன்னதுதான்.

ராத்திரி எட்டரைக்கு அப்பா டார்ச்சை எடுத்து அழுத்தினார். எரிந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"பாத்தியா, பூஜை போட்டதும் ஒரே அமுக்குல எரியுது. ரெண்டு மாசமா மூணு தட்டு தட்டினாத்தான் எரியும்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தனம் வைத்தது நான்தான் என்று எனக்கும் பாராட்டு கிடைத்தது.

சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

"அப்பா, அலமாரில இருக்க சின்ன டார்ச்சையும் கொண்டு போங்க. இதோட ஸ்விட்சு உள்ள கருகியிருந்துது. புதுசு போட்டிருக்கு, ஆனா இதுவும் போவுமாம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"தாராவில ஒரு அக்கா."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா என்னையே பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலையில் வந்து பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

உங்கள் டார்ச் தட்டினால்தான் எரிகிறது என்றால் உடனே காட்டிவிடுங்கள், தட்டிப் பழகாதீர்கள். பொட்டு வைக்கத்தான் வேண்டுமென்றால் வெளியே வையுங்கள். சீத்தா கேம்பிலிருந்து போகிறவர்களுக்கு மாட்டுங்கா தேவையில்லை. சயானில் இறங்கினால் ஒரு மணி நேரம் மிச்சம். முக்கியமாக, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது மணி 11.40. போர்வைக்குள் அம்மாவின் போனில் எழுதுகிறேன். அப்பா ஆறரைக்கு வருவார். பயமாகத்தான் இருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தேன், சின்ன டார்ச் அங்கே இல்லை.