உரிமம் காலாவதியான தெல்மா

எழுபது வயது நிறைந்த அன்று தெல்மா கேக் வெட்டவில்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் வரை அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. இன்று இல்லை.

பிரிட்டனில் எடுத்த உரிமம் எழுபது வயதோடு செத்துவிடும். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டபோது, "நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே, இருக்கும் நாட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள் இங்கிலாந்தில். பிரான்சில் கேட்டபோது, "உங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது, உரிமத்தை மாற்ற இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை, பொறுங்கள்" என்றார்கள். எதுவரை பொறுப்பது என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

அவள் இருக்கும் வில்லார், பிரான்சின் க்ரூஸ் மேட்டுநிலத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஊர். ஒரு தேவாலயம், ஒரு போர் நினைவுத்தூண், பாதிக்கு மேல் சன்னல் அடைத்த வீடுகள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பேருந்து தவிர வேறு பேருந்து கிடையாது. பாலும் ரொட்டியும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். தெல்மாவின் கவலை அதுவல்ல. நகரத்து முதியோர் இல்லத்தில் அவள் கணவர் கிளிஃபர்ட் இருந்தார்.

கிளிஃபர்ட் பர்ட்டில்ஸ் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் பேருந்துப் பணிமனை மெக்கானிக். தெல்மா ஒரு பள்ளியில் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டவள். இரண்டாயிரமாவது ஆண்டில் இருவரும் வேலையை விட்டுவிட்டு, கூரை பாதி சரிந்த கல்வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு வில்லாருக்கு வந்தார்கள். ஊர்க்காரர்களின் டிராக்டர்களைப் பழுது பார்த்தே கிளிஃபர்ட் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். அதனால் அவர் பிரெஞ்சில் பாதி கெட்ட வார்த்தை. ஊர் அவரைச் சீக்கிரம் சேர்த்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறதிநோய் வந்தபோது கடைசியாகக் கற்றதுதான் முதலில் போனது. ஒரு நாள் காலையில் தபால்காரரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆறேழு மாதத்தில் பிரெஞ்சு மொத்தமும் துடைத்தாற்போல் போய்விட்டது. மிஞ்சியது ரோதர்ஹாம் தெருக்களில் பேசிய ஆங்கிலம் மட்டும், அதுவும் வாய்க்குள் முணுமுணுப்பாக. இரவில் எழுந்து பணிமனைக்குப் போகிறேன் என்று பனியில் நடக்க ஆரம்பித்த பிறகு, தெல்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை, இல்லத்தில் சேர்த்தாள். தினமும் மதியம் போய்ச் சோறூட்டி, அவர் சொல்வதை ஊழியர்களுக்குச் சொல்லி, ஊழியர்கள் சொல்வதை அவருக்குச் சொல்லிவிட்டு வருவாள். அந்தக் கட்டடத்தில் கிளிஃபர்ட்டுக்கு இருந்த ஒரே காது அவள்தான்.

உரிமம் போன பிறகும் சில வாரங்கள் ஓட்டினாள். காட்டுப்பாதைகளாகப் பார்த்து, வியர்த்துக்கொண்டு, விபத்து ஆனால் காப்பீடு ஒரு பைசா தராது என்பதை நினைக்காமல் ஓட்டினாள். நகர எல்லையில் உள்ள வட்டச் சாலையில் ஒரு நாள் காவலர்கள் நிறுத்திவிட்டார்கள். பேரன் வயசுக்காரன் ஒருவன் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மதாம், இது முடிஞ்சு போச்சே."

"தெரியும் தம்பி. புதுசு தரமாட்டேங்கறாங்க."

"யாரு?"

"ரெண்டு பேருமே."

அவன் மேலதிகாரியைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போயிருங்க. அடுத்த தடவை பார்த்தேன்னா வண்டியை எடுத்துக்குவேன். என்னை அந்த நிலைமைக்குத் தள்ளாதீங்க" என்றான் அந்த இளைஞன்.

அதோடு காரைக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

வட்டாரத்தில் இருந்த ஒரே டாக்ஸி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கே போதவில்லை. பக்கத்து ஊரில் இருந்த தோழி பெவர்லி, வசிப்பு அட்டை, வரி, மாத்திரை என்று அலைந்து அலுத்து, வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குளிர்காலத்திலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் சந்தை நாளில் கிழவர் கிழவிகளை நகரத்துக்குக் கூட்டிப்போக ஊராட்சியின் வேன் ஒன்று ஓடியது. அது நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது.

அந்த வேனைக் கேட்டு தெல்மா மேயர் பொந்தூவிடம் போனாள். போன இடம் அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருடம் அதே மேசையில் ஊராட்சிக் குழு உறுப்பினராக உட்கார்ந்திருந்தவள் அவள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் உள்ளூர்த் தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போடலாம் என்றிருந்தபோது ஜெயித்து வந்தாள். ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் அந்த வேனை வெட்டப் பார்ப்பார்கள். தன் உடைந்த பிரெஞ்சில் கத்திச் சண்டை போட்டு அதைக் காப்பாற்றியவளும் அவள்தான். மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியது. அடுத்த உள்ளூர்த் தேர்தலில் அவள் நிற்கவும் முடியவில்லை, ஓட்டுப் போடவும் முடியவில்லை. புதிய குழு முதல் கூட்டத்திலேயே வேனை நிறுத்தியது.

பொந்தூ நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க உள்ள இருந்திருந்தா அந்த வேனை விட்டிருக்க மாட்டீங்க, மதாம் தெல்மா."

"அதை இப்ப சொல்லி என்ன பண்றது, மேயர் ஐயா? திரும்ப விடுங்க."

"குழு ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு. நான் ஒருத்தன் என்ன பண்ண? வியாழக்கிழமை எனக்கு நகரத்துல கூட்டம் இருக்கு. அன்னைக்கு என் கூட வாங்க."

"அவருக்கு வியாழக்கிழமை மட்டும் பசிக்காதே."

பொந்தூ சொன்னபடி வியாழக்கிழமைகளில் கூட்டிப்போனார். பிறகு அவருக்கும் மூட்டு வலி வந்து படுத்துவிட்டார்.

அவர் படுத்த அன்று மாலை ரோதர்ஹாமிலிருந்து தம்பி கீத் கூப்பிட்டான். அவன் எப்போதும் வானிலையில் ஆரம்பிப்பான். அன்று அதற்குப் பொறுமை இல்லை.

"ஏன்க்கா அங்கேயே கிடந்து அல்லாடற? மாமாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துரு."

"படுக்கையிலேர்ந்து நாற்காலிக்கு மாத்தினாலே பயந்து அலறுற மனுஷன். கப்பல்ல ஏத்தி எப்படிடா கூட்டியாறது? வந்தாலும் அங்க எந்த இல்லத்துல உடனே இடம் தருவான்?"

"எல்லாம் போகப் போகச் சரியாயிரும். கொஞ்ச நாளைக்கு முன்னப்பின்ன இருக்கும்னு சொன்னாங்கள்ல."

"விலகச் சொல்லி நீ போட்ட ஓட்டுடா இது."

"உனக்கு எதிராவா போட்டேன்? எங்க வேலைக்காகப் போட்டேன். எங்க தெருவை வந்து பாரு நீ."

"எனக்கு அப்ப ஓட்டே கிடையாது. பதினஞ்சு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா பேரை எடுத்துருவாங்க. அங்கயும் கிடையாது, இங்கயும் கிடையாது. நான் எந்த ஊர் மனுஷின்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்."

கீத், "பேசிக்கிட்டே போனா சண்டைதான் வரும். வெச்சுடறேன்" என்றான்.

பொந்தூ படுத்த பிறகு கிளிஃபர்ட்டைப் பார்க்கவே முடியாமல் போனது. தெல்மா தினமும் தொலைபேசினாள். நலமாக இருக்கிறார் என்பார்கள். பிறகு, கொஞ்சம் முரண்டு பிடிக்கிறார் என்றார்கள். இரண்டாம் வாரம் நாதேழ் என்ற பணிப்பெண்ணே கூப்பிட்டாள். இல்லத்தில் கிளிஃபர்ட்டிடம் பொறுமையாக இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"மதாம், அவரு நேத்து தட்டைத் தூக்கி என் மேல எறிஞ்சாரு. டாக்டர் தூக்க மருந்து எழுதிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. அவரு கேக்கறதைத்தான் நாங்க குடுக்கறோம்."

"என்ன கேட்டாரு?"

"முட்டைக்கோஸ். ஒரு வாரமா அதே பேச்சு. ஷூ, ஷூன்னு. மத்தியானமும் ராத்திரியும் வேக வெச்சுக் குடுத்தோம். ஒரு வாய் தின்னல. அழறாரு."

பிரெஞ்சில் 'ஷூ' என்றால் முட்டைக்கோஸ். ஆனால் கிளிஃபர்ட்டிடம் பிரெஞ்சே மிஞ்சவில்லை, அவர் கத்தியது ஆங்கில 'ஷூ' என்று தெல்மாவுக்கு உறைத்தது.

"நாதேழ், அவரோட செருப்பைக் கழட்டிப் பாரு. காலுறையையும் கழட்டு. இப்பவே போ. நான் லைன்ல இருக்கேன்."

நடையொலி கேட்டது. கதவு திறந்தது. பிறகு கிளிஃபர்ட் வலியில் போட்ட சத்தம். நாதேழ் திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. செருப்பு வேறு யாருடையதோ, சிறிய அளவு. துவைத்து வைத்தபோது மாறியிருக்க வேண்டும். காலைத் தொட்டாலே அவர் எட்டி உதைத்ததால் பல நாளாகக் குளிப்பாட்டும்போதும் காலுறையை யாரும் கழற்றவில்லை. இரண்டு விரல்கள் கறுத்துப்போய் நாற்றம் எடுத்திருந்தன.

தெல்மா மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நகரம் நடந்து போகிற தூரமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் நிற்கவில்லை. ஊர்க்கோடியில் ரோஜே வெர்னூ வேலிக்கு முள்கம்பி கட்டிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி உரிமத்தை இழந்தவன். அப்படிப்பட்டவர்கள் ஓட்டுவதற்கென்றே உரிமம் தேவைப்படாத சின்னப் பெட்டி வண்டிகள் பிரான்சில் உண்டு. தையல் மிஷின் போலச் சத்தம் போடும், சைக்கிள்காரன் முந்திப்போவான். அதை ஓட்டுகிறவரைப் பார்த்தால், குடித்து மாட்டிக்கொண்டவர் என்று ஊரே சிரிக்கும். வெர்னூவிடம் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது.

"எங்க மதாம், இப்படி வேர்க்க விறுவிறுக்க?"

சொன்னாள். பாதி ஆங்கிலத்திலும் பாதி பிரெஞ்சிலும் சொன்னாள். வெர்னூ கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டான்.

"என் பச்சைத்தவளையை எடுத்துட்டுப் போங்க. வயசானவங்களுக்கு அதுக்கு ஒரு காயிதமும் வேண்டாம். சட்டமே அப்படித்தான்."

"நிஜமாவா?"

"குடிகாரன் சொல்றேன்னு பாக்கறீங்களா? சட்டத்துல இந்த ஒரு பக்கம் மட்டும் எனக்கு அத்துப்படி." சாவியை அவள் கையில் திணித்தான். "மேட்டுல ஏறாது. ஏறலைன்னா திட்டுங்க. உங்க வீட்டுக்காரரு சொல்லிக்குடுத்த மாதிரி திட்டுங்க."

நகரத்துக்குப் போகும் வழி முழுக்கப் பின்னால் மர லாரிகள் ஊளையிட்டன. ஒருவன் முந்திப்போகையில் சன்னல் வழியாகப் பாட்டிலைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல் சைகை காட்டினான். தெல்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு நாளும் இப்படி ஒரு வண்டி கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறது, தனக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் அவளை அறுத்தது. பிறகு இங்கிலாந்தைத் திட்டினாள். பிரான்சைத் திட்டினாள். கீத்தைத் திட்டினாள். மேட்டில் வண்டி முனகியபோது அதையும் திட்டினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிளிஃபர்ட்டை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவர் காதருகே குனிந்து, "நான்தாங்க, தெல்மா. வந்துட்டேன். செருப்பைக் கழட்டியாச்சு" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு, "எத்தனை தடவை சொன்னேன்" என்றார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இல்லத்து நிர்வாகி தெல்மாவை அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மொழி தெரிந்த ஆள் இல்லாததுதான் குறை என்றும், அவள் வழக்கம்போல் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். தெல்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். அன்று அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் பல மாதங்கள் சுமந்துகொண்டு திரிந்தாள்.

கிளிஃபர்ட் மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் இல்லத்துக்குத் திரும்பி வந்தார். தெல்மா அன்றாடம் பச்சை வண்டியில் போய்வந்தாள். அதற்கு ஈடாக வெர்னூவுக்குச் சனிக்கிழமைதோறும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் செய்து கொடுத்தாள். ஜூன் கடைசியில் இரண்டு அரசாங்கங்களும் உரிம விஷயத்தில் கைகுலுக்கின. செய்தியைப் பொந்தூவே ஊன்றுகோலோடு நடந்து வந்து சொன்னார். தெல்மா, "அப்படியா" என்று மட்டும் சொல்லி அவருக்குத் தேநீர் போட்டாள்.

கோடையில் நாதேழும் இன்னும் மூன்று பணிப்பெண்களும் மதிய ஓய்வில் தெல்மாவோடு உட்கார்ந்து ஆங்கிலம் கேட்டுக்கொண்டார்கள். வலிக்குது, குளிருது, தண்ணி, போதும் என்று அவருக்கு வேண்டிய சொற்கள் மட்டும். ரோதர்ஹாம்காரன் வாயில் அவை எப்படி நசுங்கி வரும் என்று அப்படியே சொல்லிக் காட்டினாள். நாதேழ் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர்கள் கற்று முடித்த வேளையில் கிளிஃபர்ட் பேச்சையே நிறுத்திவிட்டார். நாதேழ் தினமும் காலையில் அவர் முன் குந்தி உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்பாள், வலிக்குதா என்று. அவர் அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இலையுதிர் காலத்தில் கீத் வந்தான். விமான நிலையத்தில் வெளிநாட்டார் வரிசையில் கால்கடுக்க நின்றதாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

இல்லத்துக்குப் போகும் வழியில், "நான் இதுக்கு ஓட்டுப் போடலக்கா" என்றான்.

"இதுக்குத்தான் போட்ட. தெரியாம போட்ட, அவ்வளவுதான்."

"என்ன பண்ணட்டும் இப்ப? சொல்லு, பண்றேன்."

"மாமாகிட்ட உக்காந்து பேசு. நம்ம ஊர்ப் பேச்சு. நான் பேசிப் பேசி எனக்கு வார்த்தை தீந்து போச்சு."

அவனை அறையில் விட்டுவிட்டுத் தெல்மா தோட்டத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு பகலில் கண்ணயர்ந்தாள். விழித்து உள்ளே போனபோது கீத் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். பழைய பேருந்துத் தடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான், எந்தத் தடம் எந்த மதுக்கடை வாசலில் திரும்பும், எந்த வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று. கண்ணீர் தாடி வரை வடிந்திருந்தது. கிளிஃபர்ட் கண் திறந்தே இருந்தார். கேட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில், தெல்மாவுக்கு எழுபத்தொன்று ஆவதற்குச் சற்று முன்பு, நிமோனியா வந்து கிளிஃபர்ட் போய்ச் சேர்ந்தார். வில்லார் கல்லறையில் இடம் கொடுக்கக் குழு ஒருமனதாகச் சம்மதித்தது. கீத் மறுபடி கூப்பிட்டான், இனி அங்கே என்ன இருக்கிறது, வந்துவிடு என்று. தெல்மா போகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப்போட்டாள். கிடைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. இந்த வயதில் மொழித்தேர்வில் தேறுவேனா என்று வெர்னூவிடம் கேட்டாள்.

"திட்டறதுல கேள்வி வந்தா நீங்கதான் முதல் மார்க், மதாம்" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடினாள்.