பெர்னிஸ் நோவிக்கியின் கையுறை

பிப்ரவரியில் ஹார்லோ ஊரில் மூக்கு நுனி மரத்துப்போகும். அந்தக் குளிரில் எவரும் எதுவும் கேட்காமல் கதகதப்புத் தருகிற இடம் ஒன்றே ஒன்றுதான், பெண்கள் கல்லூரியின் தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீடு. சனிக்கிழமை காலையில் பாதி ஊர் அங்கே வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செடியில் அக்கறை கிடையாது. மேல்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, வாழை மரத்தடி பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் பெஞ்சுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பெர்னிஸ் நோவிக்கியைத் தாண்டியாக வேண்டும்.

வாசலை ஒட்டி ஒரு மர நாற்காலி. இருபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அதில் உட்காருபவள் பெர்னிஸ். சம்பளம் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர் அட்டை, பதினோரு மணிக்கு ஒரு கோப்பை காப்பி, அவ்வளவுதான். அதற்கு முன் முப்பத்தோரு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள். எந்தப் பயல் இரண்டாவது பால் டப்பாவைச் சட்டைக்குள் செருகுகிறான் என்பது அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் தெரியும் என்பார்கள். அந்தப் பயல்கள் இன்று தலை நரைத்துப் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். அவளைக் கண்டதும் கை தானாகப் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிடும்.

“கண்ணால பாருங்க, கையால பாக்காதீங்க,” என்பாள் உள்ளே போகிறவர்களிடம். வெளியே வரும்போது, “கையுறையைக் கழட்டுங்க பாக்கலாம்,” என்பாள்.

“ஏன் மிசஸ் நோவிக்கி, பனைமரத்தையா உள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்?” என்று ஒருமுறை தபால்காரர் கேட்டார்.

“பனைமரத்தை எவன் திருடுவான்? இலையைத்தான் திருடுவாங்க. கழட்டுங்க.”

திருடுகிறவர்கள் கையுறைக்குள்தான் ஒளிப்பார்கள் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று தபால்காரரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டாள். ஏனென்றால் அந்தக் கண்ணாடி வீட்டில் கையுறைக்குள் இலையை ஒளித்துக்கொண்டு போனவள் அவளேதான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி அது. அவள் கணவன் லியோன் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரியில் கிடந்தான். மருந்து வாடை தாங்காமல் வெளியே வந்தவள், பனியில் நடக்க முடியாமல் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தாள். வெப்பநாட்டுச் செடிகள் இருக்கிற வெப்ப அறையில் யாரும் இல்லை. மூலையில் ஒரு பிகோனியாச் செடி. இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறம். கை எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. இலை இடது கையுறைக்குள் இருந்தது, அவள் தெருவில் இருந்தாள்.

மூன்றாம் நாள் லியோன் போய்விட்டான். இலையைத் தயிர் டப்பாவில் ஈர மணல் போட்டுச் செருகி, சமையலறை ஜன்னலில் வைத்து மறந்தும் போனாள். மே மாதம் பாத்திரம் கழுவும்போது பார்த்தால், மணலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளிர். சவ அடக்கத்தன்று அவள் அழவில்லை. துளிரைப் பார்த்த அன்றுதான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

திருப்பிக் கொடுக்கத் துணிவு வரவில்லை. இரண்டு வருடம் அந்த உறுத்தலோடு இருந்துவிட்டு, காவலுக்கு ஆள் வேண்டுமென்று அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். எடுத்ததற்கு ஈடாகக் காவல் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளை நல்லவளாக்கியதோ இல்லையோ, கறாராக்கியது.

அந்தக் கறாருக்குப் பலியானவள் யூனிஸ் டில்மன்.

யூனிஸும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து தோழிகள். உள்ளே, கள்ளிச்செடி அறை வாசலில் இன்னொரு நாற்காலி உண்டு, அப்போது அது யூனிஸுடையது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பிய யூனிஸின் கைக்குட்டைக்குள்ளிருந்து அதே பிகோனியாவின் இலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“கீழ உதிர்ந்து கிடந்துச்சுடி. குப்பைக்குத்தானே போகும்,” என்றாள் யூனிஸ்.

“உதிர்ந்தாலும் தோட்டத்து இலைதான்,” என்றாள் பெர்னிஸ். வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய் நிர்வாகக் குழுவிடம் சொல்லியும் விட்டாள். யூனிஸின் பெயர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இலை குப்பைக்குப் போனது. அதோடு விட்டாளா? ‘ஒரே ஓர் இலை எடுத்தவருக்கும் இங்கே நாற்காலி இல்லை’ என்று பலகை எழுதி மாட்டச் சொன்னதும் பெர்னிஸ்தான். அது இன்னும் அவள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. இரண்டு தெரு தள்ளி இருந்த தோழிகள் அன்று முதல் கடையில் எதிரெதிரே வந்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில், கடுங்குளிர் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி வீட்டின் பாய்லர் நின்றுவிட்டது. மற்ற அறைகள் தப்பித்தன. வெப்ப அறை தப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை பெர்னிஸ் வந்தபோது தோட்டப் பொறுப்பாளர் ரூபென் அல்மேடா கறுத்து வதங்கிய செடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நாற்பது வயது ஆள். தோட்டத்துக்குள்ளேயே சாப்பிட்டு, தோட்டத்தோடேயே பேசுகிறவன்.

“மிஸ் ஆல்டனோட பிகோனியாவும் போச்சு, மிசஸ் நோவிக்கி,” என்றான். மிஸ் ஆல்டன் அந்தக் காலத்தில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். 1938-ல் நியூ கினியில் ஒரு மலைச்சரிவிலிருந்து கையோடு கொண்டுவந்த செடி. “அந்த மலையே இப்ப இல்ல, சுரங்கமா வெட்டிட்டாங்க. எல்லாத் தோட்டத்துக்கும் எழுதிக் கேட்டுட்டேன். எங்கேயும் இல்ல. மாசக் கடைசியில பதிவேட்டுல அதோட பேரை அடிச்சுடணும்.”

“அடிச்சுட்டா?”

“அவ்வளவுதான். உலகத்துல இல்லாத செடி.”

அவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பெர்னிஸ் காப்பியைத் தொடவில்லை. உலகத்தில் இல்லாத அந்தச் செடி அவள் வீட்டுச் சமையலறையில், பியரோகிக் கொழுக்கட்டை வேகிற ஆவியைக் குடித்துக்கொண்டு, கழுவுதொட்டி அளவுக்குப் பரந்து கிடந்தது.

ஒரு வாரம் தூக்கமில்லை. சொன்னால் நாற்காலி போகும். அவளுக்கு எழுபத்து நான்கு வயது. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்து தலை வாரிக்கொள்கிறாள். நாற்காலியாவது போகட்டும், ஊர் என்ன சொல்லும்? யூனிஸ் என்ன சொல்வாள்? கடைசியில் கோழைகளுக்கே தோன்றுகிற ஒரு வழி அவளுக்குத் தோன்றியது. செடியைப் பிரித்து ஒரு பங்கைப் புது மண்தொட்டியில் வைத்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, தோட்டத்தில் அந்தச் செடியின் பெயர்த்தகட்டில் இருந்த 38-112 என்ற எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் செருகி, சனிக்கிழமை கதவு திறக்குமுன் வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவைச் சுற்றி வந்து, ஒன்றும் தெரியாதவள் போல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரூபென் செடியைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடி வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வரவே இல்லை. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்று மிச்சச் செடிகளை அடுக்கி வைக்கிற நடைவழி அலமாரியில், கற்றாழைக் குட்டிகளோடு குட்டியாக அந்தத் தொட்டியும் நின்றது. ஓர் அம்மாள் அதைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீழ வைங்க!” என்று பெர்னிஸ் போட்ட சத்தத்தில் கள்ளி அறை வரைக்கும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு நேரே ரூபென்னிடம் போனாள். “உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இது மிஸ் ஆல்டன் செடிப்பா!”

“எனக்கும் அப்படித்தான் தோணுது,” என்றான் ரூபென் சோர்வாக. “ஆனா தோணினா போதாதே. கடையில இதே மாதிரி நூறு கலப்புச் செடி விக்கிறாங்க. தகட்டுல இருக்கிற நம்பரை யார் வேணும்னாலும் பாத்து எழுதலாம். அந்த மலைலேருந்து இந்தத் தொட்டி வரைக்கும் யார் கையிலேருந்து யார் கைக்குப் போச்சுன்னு எழுத்துல இருக்கணும். நடுவுல ஒரு ஆள் விட்டுப்போனா, இது வெறும் ஜன்னல் செடி.”

“யாராவது எழுதிக் கொடுத்தா?”

“கையெழுத்தும் வேணும்.”

பெர்னிஸ் தொட்டியை மேசையில் வைத்தாள். இரண்டு கையுறைகளையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள். லியோன், ஆஸ்பத்திரி, தயிர் டப்பா, எல்லாம். ரூபென் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. எதை முன்னால் விடுவதென்று தெரியாமல் தவித்து, கடைசியில் படிவத்தை எடுத்தான்.

“‘பெற்ற விதம்’னு ஒரு கட்டம் இருக்கு,” என்றான் குரலைத் தாழ்த்தி. “பழைய தோட்டக்காரர் புரூயிட் உங்களுக்குப் பரிசா கொடுத்தார்னு போட்டுடலாமா? அவர்தான் இப்ப இல்லையே. யாருக்கும் நஷ்டம் இல்ல. நாற்காலியும் இருக்கும்.”

உண்மையைச் சொன்னால், பெர்னிஸுக்கு ஆசை வந்தது. பேனா கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

“தோட்டத்து இலையை எடுத்துக் கொடுத்தான்னு செத்தவனைத் திருடனாக்கச் சொல்றியா?” என்றாள். “ஒருத்தியை ஆக்கினது போதாதா?”

கட்டத்தில் ‘திருடியது’ என்று எழுதினாள். தேதி, அறை, எந்தக் கை என்பது வரைக்கும் எழுதினாள். இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதினாள்: ‘யூனிஸ் டில்மன் எடுத்தது உதிர்ந்த இலை. அது உதிர்ந்ததை நான் பார்த்தேன். நான் எடுத்தது பச்சை இலை. நாற்காலியை அவளிடம் கொடுக்கவும்.’

“குழுகிட்ட நான் பேசிப் பாக்கறேன்,” என்றான் ரூபென்.

“பலகையை மாட்டச் சொன்னவ நான். முதல்ல அதைப் படிக்கக் கத்துக்கறேன்.” பெயர் அட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

அன்று மாலையே இன்னொரு தொட்டியோடு யூனிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி கழலவில்லை.

“வீடு மாறி வந்துட்டியா?” என்றாள் யூனிஸ்.

“இல்ல.”

“யாராவது செத்துட்டாங்களா?”

“இல்லடி. இதைக் கொடுக்க வந்தேன்.”

யூனிஸுக்கு இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “இதுதான் செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே.”

“தோட்டத்துல இருந்தது செத்துப்போச்சு. இது என் வீட்டுல இருந்தது. இருபத்திரண்டு வருஷமா.”

யூனிஸ் கண்ணைச் சுருக்கினாள். “அப்ப நான் கைக்குட்டையோட பத்துப் பேர் முன்னால நின்னேனே, அன்னிக்கு?”

“அன்னிக்கு இதுக்குப் பதினோரு வயசு. பூத்திருந்தது.”

கூரை விளிம்பிலிருந்து உருகிய பனி சொட்டியது. யூனிஸ் பேசியபோது குரலில் கிண்டல் இல்லை. “எங்கம்மா அடக்கத்துக்கு நீ வரல. முன் பெஞ்சுல உக்காந்துகிட்டு வாசலையே திரும்பித் திரும்பிப் பாத்தேன்.”

“தெரியும்.”

“என்னைத் திருடின்னு சொன்னப்ப உனக்கு எப்படிடி இருந்துச்சு?”

வழியெல்லாம் பெர்னிஸ் வேறு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். “நிம்மதியா இருந்துச்சு,” என்றாள். “இனிமே யாரும் என்னைச் சந்தேகமாப் பாக்க மாட்டாங்கன்னு.”

சங்கிலி கழன்றது. ஒரு கை வெளியே வந்து தொட்டியை வாங்கிக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. பெர்னிஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை தாங்கவில்லை. ஊர்க்காரி எவரையும் போலக் கோட்டும் குல்லாயுமாகக் கிளம்பி, கண்ணாடி வீட்டுக் கதவைத் தள்ளினாள். நாற்காலி காலியாக இல்லை. மடியில் பின்னல் ஊசியோடு யூனிஸ் உட்கார்ந்திருந்தாள். பெர்னிஸைப் பார்த்தாள். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

வெப்ப அறை மூலையில் புதுத் தகடு பளபளத்தது. 38-112. கீழே சின்ன எழுத்தில் பெர்னிஸின் பெயர். எந்த விதத்தில் வந்தது என்று தகட்டில் இல்லை, பதிவேட்டில் இருந்தது. செடி கொஞ்சம் வாடித்தான் இருந்தது, பியரோகி ஆவி இல்லாத குறையோ என்னவோ. பெர்னிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் அதைப் பார்த்தாள்.

திரும்பி வாசலுக்கு வந்தபோது பின்னல் ஊசி குறுக்கே நீண்டது.

“கையுறையைக் கழட்டு,” என்றாள் யூனிஸ்.

வரிசையில் நின்ற தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பெர்னிஸ் வலதைக் கழற்றினாள். இடதைக் கழற்றினாள். இரண்டையும் உதறிக் காட்டி, உள்ளங்கைகளை விரித்து நீட்டினாள். யூனிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு பதினோரு வருடத்துக்குப் பின் முதன்முறையாக அந்தக் கைகளைப் பிடித்தாள்.

“ஐஸ் மாதிரி இருக்கு,” என்றாள். “உள்ள போய் உக்காருடி. பதினோரு மணிக்குக் காப்பி வரும்.”