மஞ்சவாடி மேட்டில் நின்ற கரி பஸ்

யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்களே, டிக்கெட் கிழிப்பதைவிட, வண்டி ஏன் நின்றது என்று எழுதிக் கொடுப்பதல்லவா நமக்குப் பெரும்பாடு! பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் உலை பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினோம். அரூரிலிருந்து சேலம் போகும் எங்கள் வண்டி மஞ்சவாடி மேட்டில் தவறாமல் நிற்கும். முதலாளிக்குக் காரணம் ஆங்கிலத்தில் வேண்டும். அதற்காகவே ஆங்கில மரபுத்தொடர்கள் அடங்கிய புத்தகம் ஒன்று வாங்கினேன்.

கல் சுவர்

மேற்கொண்டு போக வழியில்லாதபோது ‘கல் சுவரில் மோதினேன்’ என்பது வெள்ளைக்காரர் வழக்கம். அதையே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார்.

“இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்குது. வண்டிக்கு என்ன கேடுன்னு இதுல எங்கய்யா இருக்குது?”

கயிற்றின் நுனி

அடுத்த வாரமும் நின்றது. கட்டிப்போட்ட மாடு கயிறு எட்டும்வரை மேய்ந்துவிட்டு, அதற்குமேல் போகமுடியாமல் நிற்குமே, அதை வைத்து ஒரு தொடர் உண்டு. ‘கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன்’ என்று எழுதினேன். முதலாளி தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார்.

“வர்ற சந்தைக்கு நேரத்துல போய்ச் சேரலைன்னா வண்டி ஷெட்டுக்கு. நீ அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு மாடு மேய்க்கப் போ!”

புத்தகத்தில் இல்லாதது

சந்தை நாள். அதே மேடு. வண்டி இருமி நின்றது. என் வேலையும் அங்கேயே நின்றது. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, சித்தேரி மலையிலிருந்து சாமை மூட்டையோடு வந்த பொன்னன் என்பவர் இறங்கிப் போய்க் கரிச் சாக்கில் கைவிட்டார்.

“ஏனுங்க கண்டக்டரே, கரி ஈரமா இருக்குதே! யாரு தண்ணி ஊத்துனது?”

நான்தான். பயணிகளின் வெள்ளை வேட்டியில் கரித்தூள் படியாமலிருக்கத் தினமும் காலையில் சாக்குகளின்மேல் தண்ணீர் தெளிப்பேன். அதைச் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. பொன்னன் சிரிக்கவில்லை. அடியில் கிடந்த நனையாத சாக்கை இழுத்துப் போட்டார். டிரைவர் உலையைக் காலி செய்து காய்ந்த கரியைப் போட்டார். உலைக்குக் காற்றூதும் விசிறியை நான் சுற்றினேன். வண்டி உறுமியது, ஒருவரும் தள்ளாமலே மேடேறியது! உள்ளே கைதட்டலும் சீழ்க்கையும். சேலத்தில் சந்தை கூடும்போதே போய் இறங்கினோம்.

அன்று புத்தகத்தைத் திறக்காமல், ‘கரியில் தண்ணீர் தெளித்தது நான். இனித் தெளிக்கமாட்டேன்’ என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

“இதுதான்யா எனக்குப் புரியற இங்கிலீஷ். நாளைக்கும் நீயே போ!”

அதன்பின் எங்கள் வண்டி ஒருநாளும் அந்த மேட்டில் நிற்கவில்லை. என் ஆங்கிலம்தான் அதே இடத்தில் நின்றுபோயிற்று.