வெயிலில் வாய் திறந்த மட்டிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரின் செம்பவாங் கடற்கரையில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலத்தான் இருக்கிறது.

அந்த வாரம் வெயில் அப்படிக் கொளுத்தியது. வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல், நானும் கணவரும் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். உச்சிப் பொழுது. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறைகளில் கொத்துக்கொத்தாக மட்டிகள். தேக்கா மார்க்கெட்டில் நான் வாங்கும் அதே மட்டிதான், ஆனால் இங்கே எல்லாமே வாய் திறந்து கிடந்தன.

மட்டி சமைப்பவர்களுக்குத் தெரியும், கொதிக்கும் சட்டியில் வாய் திறப்பதைச் சாப்பிடுவோம், திறக்காததைத் தூக்கிப் போடுவோம். அந்த அடுப்படிக் கணக்கை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுபோனேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. திறந்திருந்தால் நல்லதுதானே என்று, மகள் மணல் விளையாடக் கொண்டுவந்த வாளி நிறைய அள்ளினேன்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த, மலாய்ப் பெண்கள் போடும் துடோங் முக்காடு அணிந்த ஒரு பெண் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் மகளிடம் இங்கிலீஷில் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "டோன்ட் டேக் லா, ஆல் டெட் ஆல்ரெடி" என்றார். நான் கணவர் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் தானே அள்ளிக்கலாம்னு பார்க்குது" என்றேன், தமிழில். மலாய்க்காரர் என்று நானாக முடிவு கட்டிக்கொண்ட தைரியம்.

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தமிழ் தெரியும் சிஸ்டர். நாங்களும் தமிழ் ஆளுங்கதான்" என்றவர், வாளியிலிருந்து இரண்டு மட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். "உசுரு இருந்தா தட்டினதும் மூடிக்கும். இது மூடுதா பாருங்க. வெயில்லயே வெந்து செத்துப் போச்சு. புள்ளைக்குக் குடுத்துடாதீங்க."

மூடவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன். அங்கேயே கொட்டியிருக்க வேண்டும். ஆனால் தமிழில் பேசி மாட்டிக்கொண்ட அவமானத்தில் எனக்கு வீம்புதான் வந்தது. ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் வாளியோடு விறுவிறுவென்று நடந்தேன். கணவராவது தடுத்திருக்கலாம். ஊமை மாதிரி என் பின்னாலேயே வந்தார். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் தீரவில்லை.

சமைக்கும்போது லேசாக ஒரு வாடை வந்தது. இஞ்சி பூண்டைக் கூட்டிப் போட்டு அமுக்கினேன். நாங்கள் கொஞ்சம்தான் சாப்பிட்டோம். மகள்தான் ருசியாக இருக்கிறதென்று கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள்.

பொழுது சாய்வதற்குள் அவளுக்கு வாந்தி, பேதி. கண் செருகிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள். அந்தக் குட்டிக் கையில் நரம்பு கிடைக்காமல் தாதி திரும்பத் திரும்பக் குத்தியபோது, அந்த ஊசியை என் கண்ணில் குத்தினாலும் தகும் என்றிருந்தது.

மறுநாள் கண் விழித்தவளிடம் டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மட்டி என்றாள். அதோடு விடவில்லை. அந்த ஆன்ட்டி எடுக்க வேண்டாம் என்று சொன்னாங்க, மம்மிதான் கேட்கவில்லை என்றாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, மன்னிப்புக் கேட்கலாமென்று கடற்கரைக்குப் போனேன். அவர் இல்லை. அதற்குப் பிறகும் பலமுறை போய்ப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. முதல் முறை தேடிப் போன அன்று இருபதடி தள்ளியே நாற்றம் குடலைப் பிடுங்கியது. பாறை பாறையாக அத்தனையும் செத்து அழுகிக் கிடந்தன. வெயிலுக்கு ஓடி ஒதுங்கக் காலில்லாத உயிர்கள், ஒட்டிய இடத்திலேயே வெந்துபோயிருந்தன.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் யாராவது விசிறிக்கொண்டே, "இந்த வருஷம் ரொம்ப சூடு லா" என்று சாதாரணமாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கரையே செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டவள் நான்.