வலிக்கு நான் போட்ட மதிப்பெண்

வலது தோளில் வலி வந்து எட்டு மாதம் ஆகியும் யாரும் அதற்குப் பெயர் வைக்காததால், அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கையில் செல்போன் இருந்தது. முதல் நாள் தேடியதில் தசைப்பிடிப்பு. மூன்றாம் நாள் இதயம். ஒரு வாரம் முடிவதற்குள், உலகத்தில் மிகச் சிலருக்கே வாய்க்கும் ஓர் எலும்பு நோயில் வந்து நின்றேன். மூன்றையும் மனைவியிடம் சொன்னேன்.

"இருதயம்னா எடது தோளுதானேங்க வலிக்கும்? ஒங்களுக்கு வலதுல வலிக்குது."

இதயம் வலது பக்கம் அமைந்து பிறப்பவர்களும் உண்டு என்று அதையும் தேடி எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்காமலே புளி கரைக்கப் போய்விட்டாள். கடைசி நேரத்திலாவது வருந்துவாள் என்று விட்டுவிட்டேன்.

நான் மிஷன் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். கை தோளுக்கு மேலே போகாததால், கரும்பலகையின் கீழ்ப்பாதியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து நின்றுதான் எழுதினார்கள். "சார், சூத்திரம் மேசைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிருச்சு" என்று ஒருத்தன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

ஆசிரியர் அறையில் என் வழக்கை ஒரே வாரத்தில் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். "ஜவ்வு கிழிஞ்சிருச்சு சார். ஆபரேஷன்தேன்." வேதியியல்காரருக்கு ஒரு சித்தப்பா, கணக்குக்காரருக்கு ஒரு சம்பந்தி; ஆளுக்கொருவர் தோளை அறுத்துக்கொண்டு, பிறகு சோற்றைப் பிசையக்கூட முடியாமல் போனவர்கள். மருத்துவர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அகராதிக்குள் பத்திரமாக வைத்தேன். ஸ்கேன் எடுத்தால் கிழிந்தது தெரிந்துவிடும். எடுக்காதவரை கிழியவில்லை. இயற்பியல் படித்த மூளைக்கு இது சரியாகவே பட்டது.

இந்த நிலையில்தான், தீராத தோள் வலிக்காரர்களை வைத்து ஒரு பிசியோதெரபி ஆய்வு நடக்கிறது, ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாதம், வீட்டிலேயே பயிற்சி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும். ஸ்கேன் கிடையாது. அறிவியலுக்கு என் தோளைக் கொடுக்க அந்தக் கடைசி வரி ஒன்றே போதுமானதாக இருந்தது.

இடம் சிம்மக்கல்லில், மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேலே ஒரு மாடி. படியேறி வருகிற ஒவ்வொருவரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். தும்முகிறவன் எந்தத் தோளைப் பிடித்துக்கொள்கிறான் என்பதை வைத்தே எது வலிக்கிற தோள் என்று சொல்லிவிடலாம். ஆய்வு செய்தது முதுகலை படிக்கும் ஒரு பெண். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கறாராக விளக்கினாள்.

"ரெண்டு குரூப்பு சார். ஒரு குரூப்பு வலிக்காத அளவுக்கு மட்டும் வெயிட் தூக்கணும். இன்னொண்ணு, வலிச்சாலும் தூக்கணும். பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலிக்கலாம், ஆனா மறுநாள் காலைல அடங்கிரணும். எதுல நல்லாக் குணமாகுதுன்னு பாக்குறோம்."

"யாரு எந்தக் குரூப்புன்னு நீங்கதானம்மா முடிவு பண்ணுவீங்க?" என்றேன், முடிந்தவரை பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு.

"நான் பண்ணக் கூடாது சார். ஒட்டுன கவர் இருக்கு. நீங்களே ஒண்ணு எடுத்துப் பிரிங்க."

பிரித்தேன். வலித்தாலும் தூக்கு.

"இத மாத்தித் தர முடியுமா?"

"பரீட்சைல கொஸ்டின் பேப்பர மாத்திக் கேட்டா நீங்க குடுப்பீங்களா சார்?"

ஒரு கிலோ டம்பெல் ஒன்று, ரப்பர் பட்டை ஒன்று, வலி டைரி ஒன்று. டைரியில் தினமும் இரண்டு எண் எழுத வேண்டும்: பயிற்சியின்போது எவ்வளவு வலி, மறுநாள் காலையில் எவ்வளவு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாதது. ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். அதில் நான் ஒரே ஒரு வரியைத்தான் படித்தேன், மனப்பாடமாகும் வரை படித்தேன்: ஏழுக்கு மேல் வலி இரண்டு வாரம் நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பப்படுவீர்கள். எலும்பு மருத்துவர் என்றால் ஸ்கேன். ஸ்கேன் என்றால் கிழிசல். கிழிசல் என்றால் வேதியியல்காரரின் சித்தப்பா.

வீட்டுக்கு வந்து முதல்நாள் டம்பெல்லைத் தூக்கினேன். மூன்று எண்ணும் வரை மெதுவாக மேலே, மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே. இரண்டாவது தூக்கலிலேயே உள்ளே எதுவோ நூல் நூலாகப் பிரிவதுபோல் இருந்தது. டம்பெல்லைக் கட்டிலில் போட்டுவிட்டு, பதினைந்து முறை செய்ததாக டைரியில் டிக் அடித்தேன். நேர்மையாகப் பார்த்தால் அன்றைய வலி எட்டு. எட்டை எழுதுவதற்கு நான் என்ன பைத்தியமா?

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செய்முறைத் தேர்வில் புவியீர்ப்பு முடுக்கம் காணும் ஊசல் ஆய்வு வந்தால், விடை ஒன்பது புள்ளி எட்டு என்று எல்லா மாணவனுக்கும் தெரியும். ஊசலை ஆட்டிப் பார்க்கிற சிரமமெல்லாம் எதற்கு? விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீடுகளை எழுதிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பேனா, ஒரே சாய்வில் எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம், கோட்டை விட்டு நகராத புள்ளிகள். பொய் எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதில் மதுரை வட்டாரத்தில் என்னைவிடத் தேர்ந்தவர் இருக்க முடியாது.

ஆகவே மாட்டிக்கொள்ளாத பொய்யை எழுதினேன். நேரில் போக வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு வாரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். மூன்று பேனா. ஓர் இடத்தில் ஐந்தை அடித்து நான்கு. வரைபடம் இயல்பாக இறங்க வேண்டும் என்பதற்காக நடுவில் ஒருநாள் வேண்டுமென்றே ஏற்றம். ஒரு பக்கத்தில் சாம்பார்த் துளி ஒன்று, கலைநயத்துக்காக. எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, ஹோம் ஒர்க்கா?"

"வலிக்கு மார்க் போடுறேன்."

"நேத்து சட்ட மாட்ட முடியாம என்னையக் கூப்பிட்டீகளே, அதுக்கு எம்புட்டு?"

"ரெண்டு."

"கத்துன கத்துக்கே எட்டு குடுக்கலாம்" என்றாள்.

மாடி வராந்தாவில் காத்திருக்கும்போது என் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழே மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குகிற அண்ணன். அவருக்கும் தோள், அவர் கவரிலும் வலித்தாலும் தூக்குதான்.

"எம்புட்டு சார் போட்டிருக்கீக?"

"மூணுண்ணே."

"எனக்கு ஏழு. முந்தாநேத்து ரெண்டு. அதுக்கு மொத நாளு எழுதவே மறந்துட்டேன்."

அவர் டைரியை எட்டிப் பார்த்தேன். கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. வரைபட உணர்வே இல்லாத மனிதர் என்று பரிதாபப்பட்டேன்.

என் டைரியைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "சூப்பர் சார். நல்லா எறங்குது. வெயிட் ஏத்திரலாம்."

அப்போதுதான் விழித்துக்கொண்டேன். எண்ணைக் கூட்டினால் எலும்பு மருத்துவர். குறைத்தால் டம்பெல். ஒரு கிலோ இரண்டானது. அடுத்த முறை இன்னும் அழகாக எழுதினேன், கைப்பழக்கம் விடவில்லை. இரண்டு மூன்றானது. குறைந்த மதிப்பெண் வாங்கினால் பரிசு கொடுக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டில் அந்த மூன்று கிலோ கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க உதவியது.

ஆறாவது வாரம் என் கணக்கில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "சார், இங்கயே ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க."

தூக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்றுவரை போக முடியவில்லை. சத்தம் போடவில்லை, இருபத்திரண்டு வருட அனுபவம் வாயைக் கட்டியது. முகத்தைக் கட்ட மறந்துவிட்டேன்.

அவள் டைரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டைரில ஒண்ணு போட்டிருக்கீங்க. மூஞ்சில எட்டு இருக்கு."

வராந்தாவிலிருந்து மூட்டைக்கார அண்ணன் குரல் கொடுத்தார். "தாயி, எட்டு இல்ல, ஒம்பது. இங்கன இருந்தே தெரியுது."

முதலில் அளவீட்டுப் பிழைகளின் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: மூன்று பேனா, சாம்பார்த் துளி, பாதியில் நிறுத்திவிட்டு அடித்த டிக். "ஜவ்வு கிழிஞ்சிருக்குமோன்னு பயம்மா. ஸ்கேனுக்கு அனுப்பிருவீங்களோன்னு…"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டைரியை மெதுவாக மூடினாள்.

"ஒவ்வொரு ஆளாக் கெஞ்சிக் கெஞ்சிச் சேத்தேன் சார். நீங்க படிச்சவங்க, வாத்தியாரு. இப்பிடி எழுதணும்னு ஒங்க டைரியத்தான் மத்தவங்களுக்கு எடுத்துக் காட்டினேன்."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வரவில்லை.

"என் பேர அடிச்சிரும்மா" என்றேன். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

"அடிக்க முடியாது. கவர் பிரிச்ச அன்னைக்கே கணக்குல வந்துட்டீங்க. நடுவுல நின்னாலும் அந்தக் குரூப்புதான், பொய் சொன்னாலும் அந்தக் குரூப்புதான். வலிக்கிறப்ப நிறுத்தி நிறுத்தி, இந்த ஆறு வாரமும் நீங்களா அந்த இன்னொரு குரூப்புல போய் ஒக்காந்திருக்கீங்க. அதையும் எழுதி வைக்கணும். கைய நீட்டுங்க."

நீட்டினேன். மணிக்கட்டில் கை வைத்துக் கீழே அழுத்தினாள். தாங்கச் சொன்னாள். தாங்கினேன். பக்கவாட்டில், முன்னால், முழங்கையை மடக்கி, மறுபடி மறுபடி. வலித்தது, ஆனால் கை விழவில்லை.

"பெரிய கிழிசலா இருந்தா எனக்கு எதிரா இம்புட்டுத் தாங்க மாட்டீங்க. சின்னது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒங்க வயசுல வலியே இல்லாதவங்கள ஸ்கேன் எடுத்தாக்கூட ஏதாச்சும் தெரியும் சார். வலிக்கிறதுன்னா கிழியிறதுன்னு அர்த்தம் இல்ல. இன்னும் ஆறு வாரம் இருக்கு. உள்ளத எழுதுங்க."

டம்பெல் ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கியது. உள்ளதை எழுதுவது எவ்வளவு அசிங்கமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெரு மாதிரி ஒரு வரைபடம். மாணவன் எவனாவது இதைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பேன்.

ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் எட்டு. காலை முதல் வேலையாக ஸ்பீக்கரில் போட்டு அவளுக்குப் போன் செய்தேன். கிழிந்துவிட்டது, இந்த முறை நிச்சயம் என்றேன்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"பரண்ல இருந்து அண்டாவ எறக்குனேன்."

"ஒத்த ஆளாவா? யாரு எறக்கச் சொன்னா?"

"நாஞ் சொல்லலம்மா!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

"நாளைக்குக் காலைல எம்புட்டுன்னு எழுதுங்க சார். எழுதினாப் போதும், கூப்பிட வேண்டாம்."

மறுநாள் காலை நான்கு. அதற்கடுத்த நாள் மூன்று. எட்டு வந்தது, இருந்தது, போய்விட்டது. கை இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை மாதம் பயந்ததற்கு ஒரு மரியாதைக்காவது ஏதாவது ஆகியிருக்கலாம் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பன்னிரண்டாவது வாரம், கடைசி அளவெடுப்பு. எடுத்தது வேறொருவர், யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. கையை உயர்த்தச் சொல்லிக் கோணமானியை வைத்தார். காதை ஒட்டிப் போகவில்லை, கிட்டத்தட்ட போனது. பிறகு கேட்டார்: "கடைசி ஒரு வாரத்துல வலி எவ்வளவு இருந்துச்சு சார்?"

நாக்கு நுனியில் 'ஒன்று' தயாராக நின்றது. இந்தத் தடவை பயத்தால் அல்ல. அந்தப் பெண் கதவருகே கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கெடுத்த ஆறு வாரத்துக்கு ஈடாக ஓர் அழகான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. எவ்வளவு நல்ல மனம் எனக்கு.

"மூணு, நாலு" என்றேன். "ரெண்டு நாளு அஞ்சு."

அவர் எழுதிக்கொண்டார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்: "என்னால ஒங்க ஆய்வு கெட்டுப்போச்சாம்மா?"

"எல்லாரோடதும் வந்து சேந்தாத்தான் சார் தெரியும். வலிக்காமத் தூக்குனவங்களுக்கும் இதே அளவு குணமாயிருந்தா, அதுவும் ஒரு பதில்தான்."

"அப்ப நான் பட்ட வலி?"

"அது கவர்ல வந்தது சார்."

"ஸ்கேன்?"

"வேண்டாம். தூக்குறத மட்டும் விட்ராதீங்க."

படியிறங்கும்போது பழைய சந்தேகம் திரும்பி வந்தது. ஸ்கேன்கூட வேண்டாம் என்கிறாள் என்றால், எடுத்தும் பிரயோசனமில்லாத நிலைக்கு வந்துவிட்டேனோ? மிளகாய்க் கடை வாசலில் நின்று தும்மிவிட்டு, பழங்காநத்தம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. பஸ் கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது வலது கை. வலி மூன்று. ஓட்டுநர் பிரேக் போட்டதும் நான்கு. எழுதுவதற்கு டைரி இல்லை, அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கையை இறக்கிவிட்டால் மறுபடி ஏறாதோ என்ற பயத்தில், வீட்டு நிறுத்தம் வரும்வரை எடுக்கவே இல்லை.