நாக்கில் நரம்பு

பாயான் பாருவில் இருந்த அத்தான் வீட்டிலிருந்து டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிவந்தபோது, அவள் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. முதலில் அழுதாள், பிறகு அழுகை நின்றது, அப்புறம் சோறும் நின்றது. கேட்டால் "ம்" வரும். சில நாள் அதுவும் வராது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மலாய் மந்திரவாதியான போமோவிடம் மந்திரிக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். யாரையும் விரட்ட முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பி கலக்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மருந்து எதுவும் கேட்கவில்லை. மனநல டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மயக்கம் கொடுத்து மூளைக்குக் கரண்ட் வைப்பது. இன்னொன்று புதிது, தலைமேல் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்துக் காந்தத்தால் மூளையைத் தூண்டுவது. கரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே அத்தான் எழுந்து நின்றுவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதற்கும் அசராத மனிதர்.

"காந்தமே வைங்க டாக்டர்."

டாக்டரும், அது நரம்பை மட்டும் லேசாக உசுப்பும், வேறெதையும் தொடாது என்றார். தலையிலும் கழுத்திலும் கொண்டை ஊசி, ஊக்கு என்று இரும்புச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லி, திங்கட்கிழமை காலை வரச் சொன்னார். பயப்படாதீங்க அத்தான், நல்ல மெஷின்தான் என்று நானும் ஒத்து ஊதினேன்.

மெஷினை எனக்குத் தெரியும். அப்போது நான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலி மூளைச் செல்களைத் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளிடம் கொண்டுபோகும் முன் அந்த மெஷினை டாக்டர் எங்களுக்குச் சில நாள் இரவல் கொடுத்திருந்தார். என் தட்டில் நரம்புச் செல் கிடையாது. நரம்புகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற மற்ற செல்கள்தான் இருந்தன. கிளையா என்று பெயர், பசை என்று பொருள். பெயரைப் பார்! நரம்புக்குச் சாப்பாடு போடுவது அது, குப்பை அள்ளுவது அது, காயம் பட்டால் முதலில் ஓடிவருவதும் அதுதான். வீட்டில் பெண்கள் பார்க்கிற வேலை அத்தனையும் பார்த்தும், பேரெல்லாம் நரம்புக்கு!

வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டில் சாயம் ஏற்றினேன். செல்லுக்குள் சுண்ணச்சத்து கூடினால் அந்தச் சாயம் ஒளிரும். சுருளை மேலே பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். டக், டக், டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு செல் ஒளிர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதையடுத்து இன்னொன்று. ஒரு நரம்புகூட இல்லாத தட்டு! ஓடிப்போய் ஆய்வுக்கூடத் தலைவரிடம் சொன்னேன். சுருளின் சூடாக இருக்கலாம், அதிர்வாக இருக்கலாம், ஒரு தட்டைப் பார்த்துவிட்டு எதையும் சொல்லாதே என்றார் அவர். அவருக்கென்ன, அவர் அக்காவா திங்கட்கிழமை அந்தச் சுருளுக்குக் கீழே உட்காரப்போகிறாள்?

சொன்னால் அத்தான் காந்தத்தையும் வேண்டாம் என்பார். அப்புறம் கரண்ட், இல்லாவிட்டால் போமோ. அக்காவோ நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? சனிக்கிழமையும் போய் அந்தத் தட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அத்தான், நரம்பை மட்டும்தான் தொடும்னு டாக்டர் சொன்னாருல்ல, அது சரியில்ல. நரம்பு இல்லாத செல்லும் முழிச்சுக்குது. என் தட்டுல நானே பார்த்தேன்."

"முழிச்சுக்கிட்டா நல்லதா, கெட்டதா?"

"தெரியல."

"என்னா பேச்சு லா இது! அன்னிக்கு நல்ல மெஷினுன்னு சொன்ன. இன்னிக்கு வேற பாட்டு பாடுற. உன் நாக்குல நரம்பு இருக்கா?"

"என் நாக்குல இருக்கு. தட்டுலதான் இல்ல!"

"கிண்டலா? அவ என் பொண்டாட்டி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வேணாம், எதுவும் வேணாம். நாளைக்கே போமோகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"போங்க, போய் எலுமிச்சம்பழத்தை வெட்டித் தலையைச் சுத்துங்க!"

இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். எங்களுக்கு நடுவே நாற்காலியில் அக்கா. அவள் முன்னால் ஆறிப்போன கஞ்சி.

"என் தலைதானே?"

யார் பேசியது என்றே முதலில் விளங்கவில்லை. குரல் அவ்வளவு கரகரத்துப் போயிருந்தது.

"யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாளும் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் அத்தானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அந்தத் தட்டுல இருந்தது... செத்துப் போச்சா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்ததும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இல்லக்கா. நேத்தும் போய்ப் பார்த்தேன். உயிரோடதான் இருக்கு."

"உண்மையா?"

"உண்மையா. ஆனா உன் தலைக்குள்ள என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதுக்கா."

அக்கா தாலிக்கொடியை வெளியே எடுத்து, அதில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உதவ நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு, கழற்றி முடித்த பிறகு அந்தக் கையிலேயே ஊக்குகளை வைத்தாள்.

"காலையில எழுப்பு," என்றாள்.